அஞ்சுதெங்கு: கோட்டையும் கரையும்

விடுமுறை நாட்களில் கடற்கரை ஊர்களை நாடிச் செல்வோர் பெரும்பாலும் காற்றையும் மணலையும் கருதியே செல்கின்றனர். அங்கே பழைய கோட்டை ஒன்றும் இருந்துவிட்டால் அதன் மதில்மேல் ஏறி நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். மார்கழி விடுமுறையில் நாங்கள் நால்வர் திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே அஞ்சுதெங்கு என்னும் மீனவர் கிராமத்திற்குப் புறப்பட்டபோது, எங்கள் நோக்கமும் இதற்கு மேற்பட்டதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைக்காவூர் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே சென்றால் சிறிது நேரத்தில் காயல் எதிர்ப்படுகிறது. காயலைக் கடந்ததும் ஒரு நீண்ட மணல் திட்டு. அதற்கு அப்பால் அரபிக் கடல். இந்த மணல் திட்டின்மேல்தான் ஊர் அமைந்திருக்கிறது. அகலம் மிகக் குறைவு, நீளமே அதிகம். சாலையின் இரு புறமும் வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. வாசல்தோறும் வலை உலர்கிறது. ஊரின் பெயரைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. தென்னையைத் தெங்கு என்று வழங்குவது நம் பழைய வழக்கு. ஐந்து தென்னைகள் நின்ற இடம் அஞ்சுதெங்கு ஆயிற்று. அதை ஆங்கிலேயர் தம் நாவிற்கு ஏற்ப அஞ்செங்கோ என்றனர். நூற்றாண்டுக் கணக்கில் கும்பினியாரின் கடிதங்களிலும் கணக்குகளிலும் அப்பெயரே நின்றது.

கோட்டை கடலுக்கு அருகிலேயே இருக்கிறது. சதுரமான அமைப்பு, நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், கேரளத்தில் வெட்டுக்கல் என்று வழங்கும் செம்பாறைக் கல்லால் ஆன மதில். மத்திய அரசின் தொல்பொருள் துறை இதனைப் பாதுகாக்கிறது. உள்ளே புல்வெளி திருத்தமாக இருக்கிறது. ஆனால் பார்ப்பதற்குரிய கட்டடங்கள் அதிகம் இல்லை. பழைய கோட்டை ஒவ்வொன்றிலும் கடலுக்குச் செல்லும் சுரங்கவழி ஒன்று உண்டென்று சொல்லப்படுவது நம் நாட்டு மரபு. அஞ்சுதெங்கும் அதற்கு விலக்கன்று. கொத்தளத்தின்மேல் ஏறி நின்றால், ஒரு புறம் அலையும் மறு புறம் தென்னந்தோப்பும், தொலைவில் 1988-இல் அமைந்த கலங்கரை விளக்கமும் தெரிகின்றன.

இவ்வளவு சிறிய இடத்தில் ஆங்கிலேயர் ஏன் கோட்டை கட்டினர் என்ற கேள்வி அங்கே நிற்கும் எவர்க்கும் எழும். எழ வேண்டிய கேள்விதான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடல்களில் கப்பல் ஓட்டிய அலெக்சாந்தர் ஹாமில்டன் என்பவர்க்கும் அதே ஐயம் எழுந்தது. குடிப்பதற்கு நல்ல நீரில்லை, அலையோ கொடியது, வடக்கே சிறிது தொலைவில் செங்குன்றுகளை ஒட்டி நீரும் நல்ல நங்கூர இடமும் இருக்க, இங்கே ஏன் வந்து அமர்ந்தனர் என்று 1727-இல் வெளிவந்த தம் நூலில் அவர் வியக்கிறார். அவர் கூறும் செங்குன்றுகள் இன்று யாத்திரிகரும் உல்லாசப் பயணிகளும் கூடுகின்ற வர்க்கலை.

விடை மிளகில் இருக்கிறது. உள்நாட்டு மலைச்சரிவுகளில் விளைந்த மிளகு ஆற்று வழியாகவும் காயல் வழியாகவும் இறங்கி இம்மணல் திட்டின் பின்புறம் வந்து சேர்ந்தது. போர்த்துக்கீசியரை வென்று கொல்லத்தில் அமர்ந்த டச்சுக்காரர், மிளகை வேறெவர்க்கும் விற்கலாகாது என்று நாட்டு அரசர்களை நெருக்கி வந்த காலம் அது. ஆற்றிங்கல், திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெண்வழி மூத்த ராணியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அப்போது அங்கே இருந்தவர் உமயம்மை ராணி. டச்சுக்காரர்க்கு எதிரே இன்னொரு வாங்குபவன் இருந்தால் விலை தாழாது என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். 1684-இல் அஞ்சுதெங்கில் பண்டகசாலை அமைக்க ஆங்கிலக் கும்பினியார்க்கு அவர் இசைவு தந்தார். பண்டகசாலைக்கு மதில் வேண்டும் என்றனர்; அதற்கும் பின்னர் அனுமதி கிடைத்தது. 1690-களில் கோட்டை எழுந்தது. வாணிகத்திற்கு வந்தவர்க்குக் கொத்தளம் எதற்கு என்று நாட்டார் கேட்காமலில்லை. 1697-இல் கோட்டையைத் தாக்கினர். ஆனால் பயன் விளையவில்லை.

அடுத்து வந்த கால் நூற்றாண்டின் கதை கும்பினிக்குப் பெருமை தருவதன்று. கும்பினி ஊழியர்க்குச் சம்பளம் சொற்பம். தம் சொந்தக் கணக்கில் வாணிகம் செய்து கொள்வதே அவர்களுடைய உண்மையான வருவாய். அஞ்சுதெங்கின் தலைவராக வந்த வில்லியம் கிஃபர்டு என்பவர் கும்பினிப் பணத்தையே தம் சொந்த மிளகு வாணிகத்திற்குத் திருப்பினார். நாட்டு வணிகர்க்குக் கணக்குப் புத்தகத்தில் பொய்ப் பதிவு காட்டி விலையைக் குறைத்தார். பொய் எடைக்கற்களையும் பயன்படுத்தினார். இவற்றை அவருக்கு ஆகாதவர் புனைந்துரைத்ததாக எண்ண வேண்டா. கும்பினியின் பழைய ஆவணங்களைக் கொண்டு எழுதிய ஆங்கில வரலாற்றாசிரியரே இவ்வாறு கூறுகின்றனர். அவருடைய துபாஷியாயிருந்த இக்னேஷியோ மலேரோஸ் என்பவர் கடன் ஈடாகக் கோயில் நிலங்களைத் தம் வசமாக்கிக் கொண்டதும் ஊராரின் சினத்தை மூட்டியது.

ராணிக்கு ஆண்டுதோறும் காணிக்கை அனுப்புவது கும்பினியின் கடமையாக இருந்தது. அது 7 ஆண்டுகளாகச் செலுத்தப்படவில்லை. 1721 ஏப்ரலில், நிலுவை முழுவதையும் சேர்த்து நேரில் கொண்டு சென்று தம் செல்வாக்கைக் காட்டிவிடலாம் என்று கிஃபர்டு தீர்மானித்தார். கோட்டையில் ஆயுதம் தாங்கத்தக்கவர் ஏறக்குறைய அனைவரையும், சுமார் 140 பேரை, உடன் அழைத்துக்கொண்டு ஆற்றிங்கலுக்குப் புறப்பட்டார். காணிக்கை யார் கையில் சேர வேண்டும் என்பதில் ராணிக்கும், நாட்டில் பெருஞ்செல்வாக்குடைய பிள்ளைமார்க்கும் இசைவில்லை. வந்தவர்களைச் சமாதானமாகப் பேசி இரவு தங்கச் செய்தனர். தாம் சூழ்ச்சியில் அகப்பட்டதை உணர்ந்த கிஃபர்டு, எச்சரிக்கையாக இருக்குமாறு கோட்டைக்கு ஒரு சீட்டு அனுப்பினார். அதன் பிறகு அவரிடமிருந்து செய்தி வரவில்லை. அன்றிரவு அவர்கள் தாக்கப்பட்டனர். கிஃபர்டும் உடன்சென்றவர்களும் மாண்டனர். காயங்களுடன் தப்பிக் கோட்டையை அடைந்தோர் மிகச் சிலர்.

கோட்டையில் எஞ்சியிருந்தவர் நோயாளிகளும் முதியோரும் சிறுவருமே. அவர்கட்குத் தலைமை ஏற்றவர் சாமுவேல் இன்ஸ் என்ற பீரங்கிக்காரர். முற்றுகை 6 மாதம் நீடித்தது. அக்டோபரில் தலைச்சேரியிலிருந்து உதவிப் படை வந்த பிறகே அது விலகியது. பின்னர் கும்பினியார் திருவிதாங்கூருடன் நெருங்கினர். 1723-இல் ஏற்பட்ட உடன்படிக்கை இதன் விளைவாகும். ஆற்றிங்கலின் தனியுரிமை மார்த்தாண்ட வர்மரின் காலத்தில் மறைந்தது. பழைய கலகக்காரர்களின் வலிமையை ஒடுக்குவதில் அரசரும் கும்பினியும் ஒரே பக்கத்தில் நின்றனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆற்றிங்கல் நிகழ்ச்சி பிளாசிப் போருக்கு 36 ஆண்டுகளும், 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கு 136 ஆண்டுகளும் முந்தியது. ஆகவே இதனை இந்தியாவின் முதல் விடுதலைப் போர் என்று சிலர் போற்றுவதுண்டு. அப்பட்டம் சூட்டுவதற்கு நமக்கு மனம் ஒப்பவில்லை. விடுதலை என்று நாம் இன்று பொருள் கொள்ளும் கருத்து 1721-இல் அங்கே இருந்ததாகக் காட்டச் சான்றில்லை. எடைக்கல்லும் விலையும் கோயில் நிலமும் காணிக்கையுமே அங்கே வழக்காயிருந்தன. ஆயினும் இதனை வெறும் கொலைபாதகம் என்று சொல்லி ஒதுக்கிய பழைய ஆங்கில நூல்களையும் நாம் ஏற்பதற்கில்லை. பொய்க் கல்லால் மிளகை நிறுத்தவனை எதிர்த்து ஒரு நாட்டார் எழுந்தனர். அதைப் பெருக்கவும் வேண்டா, சுருக்கவும் வேண்டா.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. அந்த ஏப்ரலைப் பற்றி விரிவாகச் சொல்லும் தாள்கள் பெரும்பாலும் கோட்டைக்கு உள்ளே இருந்தவர் எழுதியவையே. கிஃபர்டின் மனைவி காதரின் என்ன ஆனார் என்பதை அவற்றைக் கொண்டு வியக்கத்தக்க நுட்பத்துடன் அறிய முடிகிறது. கிஃபர்டு அவர்க்கு மூன்றாவது கணவர். முற்றுகைக்கு அஞ்சி ஒரு சிறு நாட்டுக் கப்பலில் ஏறிச் சென்னைப்பட்டினம் வந்து சேர்ந்தார். வரும்போது பண்டகசாலையின் கணக்குப் புத்தகங்களையும் கையோடு கொண்டுவந்துவிட்டார் என்று கும்பினியார் அவர்மீது குற்றம் சாட்டினர். பின்பு அவர் இங்கிலாந்து சென்றார். வழக்கு அங்கும் தொடர்ந்தது. 1907-இல் ஜான் பிடல்ஃப் என்பவர் மலையாளக் கரையின் கடற்கொள்ளையரைப் பற்றி எழுதிய நூலில் இவ்வம்மையாரின் வரலாற்றிற்கே தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்.

அஞ்சுதெங்கில் பிறந்து உலகம் அறிந்த பெயரெடுத்தவர் இருவரும் கோட்டையைச் சேர்ந்தவரே. முற்றுகைக்குப் பின் தலைவராக வந்த அலெக்சாந்தர் ஆர்மின் மகன் ராபர்ட் ஆர்ம் 1728-இல் இங்கே பிறந்தார். இரண்டு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் சென்னை ஆலோசனைச் சபையில் அங்கத்தினராயிருந்து, இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய போர்களின் வரலாற்றை எழுதினார். கருநாடகப் போர்களைப் பற்றிப் படிப்போர் இன்றும் அவரைத் தவிர்க்க முடியாது. ஆனால் அவர் வரலாறு 1745-இலிருந்து தொடங்குகிறது. பிறந்த ஊரின் 1721 அதற்குள் அடங்கவில்லை. மற்றவர் 1744-இல் பிறந்த எலைசா டிரேப்பர். நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் இவர்பால் கொண்ட அன்பினால் இவர் பெயர் இலக்கியத்தில் நின்றுவிட்டது. பிரெஞ்சு அறிஞர் ரெய்னால் அஞ்சுதெங்கைத் தம் நூலில் விளித்துப் புகழ்கிறார். புகழ்வதற்கு அவர் கண்ட காரணம் எலைசா அங்கே பிறந்தார் என்பது ஒன்றே. ஊர் அவர் கண்ணில் படவில்லை.

ஊர் என்றால் கரையில் இருந்தவர்கள். கப்பல்கள் இக்கரையை நெருங்க முடியாமல் கடலிலேயே தொலைவில் நின்றன. மிளகு மூட்டையாயினும், துணிப் பொதியாயினும், கடிதமாயினும், மனிதராயினும் அலை மறியும் இடத்தைக் கடப்பதற்குக் கரையாரின் தோணியும் கட்டுமரமும் வேண்டும். எந்த அலைக்குப் பின் எந்த அலை வரும், எப்போது துடுப்பை அழுத்த வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். கோட்டையின் வாழ்வு அவர்கள் கையில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் காதரின் கிஃபர்டைக் கப்பலில் ஏற்றிவிட்டவன் யார்? இன்ஸ் என்ற பீரங்கிக்காரரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. தோணிக்காரன் பெயர் நிற்கவில்லை.

இக்கரையின் மீனவர் பெரும்பாலோர் கத்தோலிக்கர். 1544-இல் பிரான்சிஸ் சேவியர் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் அளித்ததாகத் தம் கடிதத்தில் எழுதுகிறார். அக்காலத்திலிருந்து தொடர்ந்து வரும் சமூகம் இது. கோட்டைக்கு அருகிலேயே புனித பேதுருவின் பெயரால் அமைந்த கோயில் இருக்கிறது. பேதுருவும் மீன் பிடித்தவரல்லவா! இவர்களின் பேச்சு மலையாளமே. ஆயினும் தெற்கே கன்னியாகுமரிக் கரையில் பேசப்படும் தமிழுக்கும் இதற்கும் சொல்லுறவு நெருக்கமானது. வள்ளம், வலை, சாளை, நெத்தோலி என்று அவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் தலையசைத்துக்கொண்டே இருந்தோம்.

காயலின் பக்கம் வேறொரு தொழில். கும்பினியின் மிளகு வாணிகம் தேய்ந்து, 1813-இல் பண்டகசாலை மூடப்பட்டது. அதன் பிறகும் அஞ்செங்கோ என்ற பெயர் உலகச் சந்தைகளில் வழங்கியதென்றால் அதற்குக் காரணம் கயிறு. தேங்காய் மட்டைகளைக் கட்டுக் கட்டாகக் காயல் சேற்றில் பல மாதம் அமிழ்த்தி வைப்பர். ஊறிய மட்டையைப் பெண்கள் கொட்டாப்புளியால் அடித்து நாரைப் பிரிப்பர். ராட்டில் முறுக்கி இழையாக்குவர். கயிற்று வாணிகத்தில் இழைக்குத் தரம் பிரிக்கும் பெயர்களுள் அஞ்செங்கோ என்பது உயர்ந்த வகைக்குரியது. ஆங்கிலத்தில் நாருக்கு வழங்கும் காயர் என்ற சொல்லே நம் கயிறு என்ற சொல்லின் வழிவந்தது. மட்டை ஊறும் காயலின் நாற்றம் புதியவர்க்குப் பொறுக்க முடியாதது. அந்த நீரில் இடுப்பளவு நின்று வேலை செய்த பெண்களின் உழைப்புக்குக் கிடைத்த கூலியைப் பற்றியும் ஒரு வரலாறு எழுதலாம்.

அஞ்சுதெங்கை அடுத்த காயிக்கரையில்தான் 1873-இல் மகாகவி குமாரன் ஆசான் பிறந்தார். நாராயண குருவின் சீடராகி, சாதிக் கொடுமையை எதிர்த்துப் பாடிய அவர் 1924-இல் பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்து மறைந்தார். அவருடைய நினைவிடத்தையும் கண்டு வந்தோம். அதைப் பற்றித் தனியே பேச வேண்டும். இங்கே இடம் போதாது.

நிலப்பக்கமெல்லாம் திருவிதாங்கூர் சூழ்ந்திருக்க, அஞ்சுதெங்கு மட்டும் ஆங்கிலேயர் மண்ணாகவே நீடித்தது. முதலில் பம்பாயின் கீழும், பிறகு சென்னை மாகாணத்தின் கீழும் இருந்தது. 1950-இல் திருவிதாங்கூர்–கொச்சியுடன் சேர்ந்தது. 1956 முதல் கேரளத்தின் பகுதியாக இருக்கிறது.

கோட்டையிலிருந்து இறங்கிக் கரைக்கு வந்தபோது, ஊரின் இன்றைய கவலை எங்கள் கண்முன் நின்றது. கடலோரமாகப் பாறாங்கற்களைக் குவித்து ஒரு சுவர் போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் அச்சுவரும் சரிந்து, அதன் பின்னே பாதி இடிந்த வீடுகள் நிற்கின்றன. ஒரு வீட்டின் அடுக்களைத் தரை மட்டும் மணலில் எஞ்சியிருந்தது. தெற்கே முதலப்பொழியில் காயல் கடலோடு கலக்கிறது. அங்கே மீன்பிடித் துறைமுகத்திற்காக இரு பக்கமும் கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டிக் கட்டினர். கரையோரமாக ஓடிவரும் மணல் அச்சுவர்களில் தடைபடுகிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிடுகிறது. வடக்கேயுள்ள கரை மணலின்றி அரிக்கப்படுகிறது. மேடிட்ட வாயிலில் அலை முறிந்து எழும்போது உள்ளே நுழையும் படகுகள் கவிழ்கின்றன. அங்கே உயிரிழந்தோர் பலர். பாதுகாப்புக்கென்று கட்டிய வாயிலைக் கடக்கவே அஞ்ச வேண்டியிருக்கிறது என்று ஒரு முதியவர் எங்களிடம் சொன்னார். அவர் இளமையில் துறைமுகம் இல்லை. கட்டுமரத்தை நேரே மணலில் ஏற்றுவார்களாம். இப்போது ஏற்றுவதற்கு மணல் எங்கே என்று கேட்டார்.

கடலுக்கு 50 மீட்டருக்குள் இருப்போர் வேறிடம் செல்ல மாநில அரசு உதவித்தொகை தருகிறது. சிலர் சென்றிருக்கின்றனர். செல்லாதவர்களையும் நாம் குறை சொல்ல முடியாது. வீட்டு வாசலிலிருந்து கடலின் நிறத்தைப் பார்த்து மீன் வரவை அறிகின்றவனைச் சில மைல் தொலைவில் அடுக்கு வீட்டில் குடியேற்றினால், அவன் தொழிலின் பாதியை வாசலிலேயே விட்டுச் செல்கிறான். 300 ஆண்டு கடந்த மதிலைக் காக்கச் சட்டமும் துறையும் இருக்கின்றன. அதற்கு எதிரே 30 ஆண்டு நின்ற வீடு ஒரு ஆனி மாதத்து இரவில் போய்விடுகிறது. மதிலைக் காப்பது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஊரின் வரலாறு என்றே சொல்கிறோம்.

மாலையில் கரைவலை இழுத்தார்கள். அலை அடங்கியிருக்கும் மாதங்களில்தான் இது நடக்கும். வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் விட்டு, வள்ளத்தில் அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கி, மறு முனையைச் சற்றுத் தொலைவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரு வரிசையாக நின்று ஆண்கள் இழுத்தனர். கயிறு இப்போது செயற்கை இழை. அஞ்செங்கோ நார் அன்று. எங்களையும் கைகொடுக்க அழைத்தார்கள். ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. உள்ளங்கை சிவந்ததே எங்கள் பங்கு. மடி கரையேறியபோது உள்ளே நெத்தோலியும் சிறிது சாளையும் சில காரல்களும் இருந்தன. இத்தனை பேருக்கு இவ்வளவுதானா என்று எங்களில் ஒருவர் கேட்டுவிட்டார். முதியவர் சிரித்தார்.

கூறு கூறாக மணலில் குவித்து ஏலம் தொடங்கியது. கூடையுடன் சூழ்ந்து நின்ற பெண்கள், குவியலை ஒரு பார்வை பார்த்து விலை சொன்னார்கள். தராசு இல்லை; எடைக்கல் இல்லை. ஏலம் கூறுபவர் ஒரு தொகையை மும்முறை சொல்லி முடித்தார். அது குறைவு என்று வலைக்காரர் பக்கத்திலிருந்து ஒருவர் உரக்க வாதாடினார். அதிகம் என்று ஒரு அம்மையார் அதைவிட உரக்கப் பதில் சொன்னார். வழக்கு முடிந்ததா என்று அறிவதற்குள் கடைக்காவூரில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.